நுட்சன் எண் மட்டும் போதாது: அடர்வு குறைந்த வாயுவுக்கு எந்த மாதிரி?

சேலம் அஸ்தம்பட்டியில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட், 20 கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காடு ஏரிக்கரையில் இறங்கும்போது தலையணை மாதிரி உப்பியிருக்கும். சேலத்தில் காற்றழுத்தம் சுமார் 980 ஹெக்டோபாஸ்கல். 1,500 மீட்டர் உயரத்து ஏற்காட்டில் சுமார் 845. "மேல காத்து லேசாயிடுச்சு" என்று பேருந்தில் யாராவது சொல்வார்கள். பேச்சு வழக்கில் சரிதான். ஆனால் நாம் பேசப்போகும் அர்த்தத்தில் அது இன்னும் கெட்டியான காற்றுதான். ஒரு மூலக்கூறு இன்னொன்றின் மேல் மோதாமல் போகும் தூரம், அதாவது சராசரி மோதலிடைத்தூரம், சேலத்தில் கிட்டத்தட்ட 70 நானோமீட்டர், ஏற்காட்டில் 80 நானோமீட்டருக்குப் பக்கம். பாக்கெட்டின் அகலத்தோடு ஒப்பிட்டால் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இந்த விகிதம்தான் நுட்சன் எண்: மோதலிடைத்தூரத்தைப் பொருளின் அளவால் வகுத்தால் வருவது. அது 0.001-க்குக் கீழே இருந்தால் வழக்கமான பாய்மச் சமன்பாடு (நேவியர்–ஸ்டோக்ஸ்) போதும். 0.1 வரை சுவரில் வழுக்கலைச் சேர்த்துச் சமாளிக்கலாம். 0.1-லிருந்து 10 வரை நடுவாந்திரப் பகுதி. 10-க்கு மேல் மூலக்கூறுகள் தங்களுக்குள் மோதுவதே அபூர்வம். நடுவாந்திரப் பகுதியில் மாட்டிக்கொண்டவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

ஒவ்வொரு வருடமும் ஜனவரி பிறந்தால் சுற்றுவட்டாரப் பொறியியல் கல்லூரிகளிலிருந்து புராஜெக்ட் மாணவர்கள் வருவார்கள். கேள்வி ஒன்றுதான்: "சார், நுட்சன் எண் 0.7 வருது. பிஜிகே போடவா, டிஎஸ்எம்சி போடவா?" இரண்டும் இப்படிப்பட்ட வாயுவைக் கணினியில் கணக்கிடும் மாதிரிகள், கீழே ஒவ்வொன்றாக வரும். நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான்: "கடைசியில உனக்கு எந்த நம்பர் வேணும் தம்பி?" வாயு எவ்வளவு பாய்கிறது என்பதா, வெப்பம் எவ்வளவு போகிறது என்பதா, அதிர்வலைக்குள் (ஒலியை மிஞ்சும் ஓட்டத்தில் வாயு சட்டென்று அழுந்தும் மெல்லிய பகுதி) வெப்பநிலை எப்படி ஏறுகிறது என்பதா? நுட்சன் எண், மூலக்கூறுகளின் அளவில் கணக்கிடும் இயக்கவியல் மாதிரி தேவை என்பதோடு நின்றுவிடும். எந்த மாதிரி என்பதை மற்ற விஷயங்கள்தான் தீர்மானிக்கின்றன.

## முதலில் அளவுகோல்கள்

நான் பார்ப்பது ஐந்து. ஒன்று, வெப்பம் விடையில் வருகிறதா. இரண்டு, வேகம்: ஒலியின் வேகத்தோடு ஒப்பிட்டால் ஓட்டம் ஊர்கிறதா, பறக்கிறதா. மூன்று, கையில் இருக்கும் கணினியின் ரேம். நான்கு, வாயு ஒற்றை அணுவா, நைட்ரஜன் மாதிரியா, நீராவியா, கலவையா. ஐந்து, கோட் எழுதவும் சரிபார்க்கவும் எத்தனை வாரம் இருக்கிறது. ஐந்தாவதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மார்ச் மாதம் அழுவது அதனால்தான்.

எல்லா மாதிரிகளுக்கும் மூலம் போல்ட்ஸ்மன் சமன்பாடு. எந்த இடத்தில், எந்த நேரத்தில், எந்த வேகத்தோடு எத்தனை மூலக்கூறுகள் இருக்கின்றன என்று சொல்லும் பகிர்வுச் சார்புதான் அதில் கண்டுபிடிக்க வேண்டியது. இடது பக்கம் எளிது: மூலக்கூறுகள் நகர்கின்றன, அவ்வளவே. வலது பக்கம் மோதல் உறுப்பு. அது ஐந்து மடிப்புத் தொகையீடு. மாதிரிகள் எல்லாம் அந்த வலது பக்கத்தை என்ன செய்கின்றன என்பதில்தான் வேறுபடுகின்றன.

## பிஜிகே

1954-இல் பட்நாகர், கிராஸ், குரூக் மூவரும் பிசிகல் ரிவ்யூ இதழில் எழுதிய மாதிரி. மூவரின் முதலெழுத்துகள்தான் பெயர். முதலில் நிற்கும் பி.எல். பட்நாகர் ராஜஸ்தானின் கோட்டாவில் பிறந்தவர். பின்னாளில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பயன்பாட்டுக் கணிதத் துறையை நடத்தியவர். சேலத்திலிருந்து 200 கிலோமீட்டர். உலகமெங்கும் ஓடும் கணினிக் கோடுகளில் பெயர் இருக்கும் மனிதர் பக்கத்து ஊரில் பாடம் எடுத்தார் என்று சொன்னால் மாணவர்கள் நிமிர்ந்து உட்கார்கிறார்கள்.

மாதிரியின் கருத்து இவ்வளவுதான்: ஒவ்வொரு மோதலையும் கணக்கிட வேண்டாம். மோதல்களின் மொத்த விளைவு, பகிர்வை அந்த இடத்தின் மேக்ஸ்வெல் பகிர்வை (சமநிலையில் வேகங்கள் பரவி நிற்கும் வடிவம்) நோக்கி இழுப்பது. ஆகவே ஒரு குறிப்பிட்ட தளர்வு நேரத்தில் எல்லாம் அதை நோக்கிப் போகிறது என்று எழுதிவிடு. நம் ஊர் ஜவ்வரிசி ஆலைக் களத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் பரப்பிய மணிகளில் சிறியது சீக்கிரம் காயும், பெரியது மெதுவாகக் காயும். பிஜிகே, எல்லா மணிக்கும் ஒரே காய்ச்சல் நேரம் என்கிறது. நிஜ வாயுவில் வேகமான மூலக்கூறு அடிக்கடி மோதும். இங்கே வேகமானதும் மெதுவானதும் ஒரே கணக்கு.

இதில் கிடைக்கும் லாபம் பெரிது. சேனலுக்குள் அழுத்த வேறுபாட்டால் பாயும், வெப்பநிலை மாறாத மெதுவான ஓட்டத்துக்கு பிஜிகே தரும் விடை வியப்பூட்டும் அளவுக்குச் சரியாக இருக்கும். அந்தப் பிரச்சினைக்குள் வேறு எதையும் தேடிப் போவது, பக்கத்துத் தெருவுக்கு லாரி பிடிப்பது போல.

அடி வாங்கும் இடம் வெப்பம். ஒரே தளர்வு நேரம் பாகுநிலையையும் வெப்பக் கடத்துத்திறனையும் சேர்த்தே நிர்ணயிப்பதால், இவ்விரண்டையும் ஒப்பிடும் பிராண்டல் எண் 1 என்று வந்து நிற்கும். ஆர்கான் போன்ற ஒற்றை அணு வாயுவுக்கு அது மூன்றில் இரண்டு. ஆகவே பாகுநிலையைச் சரியாகப் பொருத்தினால் வெப்பக் கடத்துத்திறன் இருக்க வேண்டியதில் மூன்றில் இரண்டு பங்குதான் வரும். வெப்பத்தைப் பொருத்தினால் பாகுநிலை கெடும். ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்க வேண்டியதுதான்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. இந்தப் பிழை நுட்சன் எண்ணோடு மாறும். எண் மிகப் பெரிதானால் மோதலே இல்லை, பிழையும் மறைந்துவிடும். எண் சிறிதாக ஆக வெப்பப் பாய்வில் மூன்றில் ஒரு பங்கு குறையும். வெற்றிட அளவி ஒன்றை ஆராய்ந்த மாணவி மிகக் குறைந்த அழுத்தத்தில் மட்டும் சரிபார்த்து, "பொருந்துது சார்" என்று சந்தோஷமாக வந்தார். பிரானி அளவியில் சூடான கம்பியிலிருந்து வாயு வழியாகப் போகும் வெப்பம்தான் அழுத்தத்தைச் சொல்கிறது. அழுத்தத்தை ஏற்றியதும் வளைவு விலக ஆரம்பித்தது. அவர் எழுதிய கணினிக் கோடில் பிழை எதுவும் இல்லை. மாதிரியின் குணமே அப்படி.

## ஷாகோவ்

1968-இல் வந்தது. பிஜிகே-யின் மேக்ஸ்வெல் பகிர்வை வெப்பப் பாய்வைக் கொண்ட ஒரு சிறு பல்லுறுப்புக் கோவையால் பெருக்குகிறது. பிராண்டல் எண் உங்கள் கையில் வந்துவிடும். கோடில் சேர்ப்பது நான்கைந்து வரி. பிஜிகே எழுதத் தெரிந்தவருக்கு ஒரு மாலை வேலை.

இதன் மறைவான விலை: பகிர்வுச் சார்பு எதிர்மறையாகப் போகலாம். இத்தனை மூலக்கூறுகள் என்று சொல்ல வேண்டிய எண் சுழியத்துக்குக் கீழே போவது பௌதிகமாக அபத்தம். மெதுவான, சுவர் வெப்பநிலைகளில் பெரிய வேறுபாடில்லாத ஓட்டங்களில் இது நடப்பதே இல்லை. வலுவான அதிர்வலையில், வேகம் மிகுந்த ஓரத்தில் நடக்கும். இரண்டாவது, என்ட்ரோப்பி எப்போதும் சரியான திசையில்தான் போகும் என்ற தேற்றம் இந்த மாதிரிக்குச் சமநிலைக்கு அருகில்தான் நிரூபணம். கணித ஆசிரியர் வைவாவில் இதைக் கேட்பார். தயாராகப் போங்கள்.

மெதுவான ஓட்டத்தில் வெப்பநிலை வேறுபாடு இருந்தால் என் முதல் தேர்வு இதுதான். வாயு ஓட்டங்களை நீண்ட காலம் ஆராய்ந்த ஃபெலிக்ஸ் ஷாரிபோவும் வெப்பநிலை மாறாத ஓட்டத்துக்கு பிஜிகே, மாறும் ஓட்டத்துக்கு ஷாகோவ் என்றே பரிந்துரைக்கிறார்.

## இஎஸ்-பிஜிகே

ஹோல்வே 1966-இல் முன்வைத்தது. இஎஸ் என்பது எலிப்சாய்டல் ஸ்டாட்டிஸ்டிக்கல் என்பதன் சுருக்கம். மேக்ஸ்வெல் பகிர்வின் உருண்டை வடிவத்தை ஒரு நீள்வட்டமாக இழுத்துவிடுகிறது. சறுக்குத் தகைவு வேகமாகத் தணியும், வெப்பப் பாய்வு மெதுவாக. பிராண்டல் எண் சரியாகிவிடும். பகிர்வு ஒருபோதும் எதிர்மறையாகாது. என்ட்ரோப்பித் தேற்றம் நிரூபணமாகுமா என்ற சந்தேகத்தில் பல வருடம் ஓரமாகக் கிடந்தது. 2000-இல் ஆந்த்ரீஸ் குழுவினர் நிரூபித்த பிறகு மறுவாழ்வு கிடைத்தது. பல அணு வாயுக்களுக்கான நீட்சியும் அதே வேலையில் இருக்கிறது.

விலை? இடத்தைப் பிரித்த ஒவ்வொரு சிறு அறையிலும் 3×3 அணி ஒன்றை நேர்மாறாக்க வேண்டும். சின்னச் செலவுதான். வலுவான விரிவாக்கம், நாசிலிலிருந்து வெற்றிடத்துக்குப் பாயும் ஜெட், இவற்றில் ஷாகோவை விட இதை நம்பலாம்.

ஆனால் ஒன்று: பிஜிகே, ஷாகோவ், இஎஸ் மூன்றுக்கும் அந்த ஜவ்வரிசிக் குறை பொது. மோதல் விகிதம் மூலக்கூறின் வேகத்தைப் பார்ப்பதில்லை. ஆகவே வலுவான அதிர்வலையில் சூடான பக்கத்து வேக மூலக்கூறுகள், நிஜத்தில் மோதி நின்றிருக்க வேண்டியவை, முன்னால் வெகுதூரம் ஊடுருவிவிடும். வெப்பநிலை வளைவு சீக்கிரமே தலைதூக்கும். பிராண்டல் எண்ணைத் திருத்தினால் இது திருந்தாது.

## டிஎஸ்எம்சி

டைரக்ட் சிமுலேஷன் மான்டி கார்லோ என்பதன் சுருக்கம். கிரேம் பேர்ட் 1963-இல் தொடங்கி வைத்தது. இங்கே சமன்பாட்டைத் தீர்ப்பதில்லை. கோடானுகோடி மூலக்கூறுகளுக்குப் பிரதிநிதியாகச் சில லட்சம் துகள்களை ஓடவிட்டு, அறைக்குள் இருக்கும் ஜோடிகளைக் குலுக்கல் முறையில் மோதவிடுவது. துகள்களைக் கூட்டிக்கொண்டே போனால் போல்ட்ஸ்மன் சமன்பாட்டின் விடைக்கே போய்ச் சேரும் என்று 1992-இல் வாக்னர் நிரூபித்தார். வேதிவினை, கலவை, சுழலும் மூலக்கூறு என்று எதை வேண்டுமானாலும் சேர்க்கலாம். அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தின் ஸ்பார்ட்டா என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. கோட் எழுத வேண்டிய வேலை இல்லை.

அப்புறம் ஏன் எல்லோரும் இதையே எடுப்பதில்லை? இரைச்சல்.

கணக்கு போட்டுப் பார்ப்போம். அறை வெப்பநிலையில் காற்று மூலக்கூறுகளின் வேகம் ஒரு திசையில் சுமார் 293 மீட்டர்/விநாடி சிதறலோடு இருக்கும். ஓட்டத்தின் சராசரி வேகம் 300 மீட்டர்/விநாடி என்றால், 1 சதவீதத் துல்லியத்துக்கு ஒவ்வொரு அறையிலும் கிட்டத்தட்ட 10,000 தனித்தனி மாதிரிகள் எடுத்தால் போதும். ஓட்டம் 1 மீட்டர்/விநாடி என்றால் அதே துல்லியத்துக்குச் சுமார் 86 கோடி. செவ்வாய்ப்பேட்டைக் கடைவீதியில் சனிக்கிழமை மாலை நின்றுகொண்டு, எதிர்க்கடைக்காரர் பெருமூச்சு விடுவதைக் கேட்க முயல்வது போலத்தான். நுண்சேனல்களில் ஓட்டம் விநாடிக்குச் சில மில்லிமீட்டர், சென்டிமீட்டர். வேக வளைவு பரவளையமாக வர வேண்டிய இடத்தில் ஈசல் பறந்த மாதிரி புள்ளிகள்தான் வரும்.

இன்னொரு விலை: அறையின் அளவு மோதலிடைத்தூரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள், காலப்படி மோதல் இடைவெளிக்குள் இருக்க வேண்டும். நுட்சன் எண் குறையக் குறைய அறைகள் பெருகும். 0.01-இல் முப்பரிமாணம் என்றால் வீட்டு லேப்டாப்பை மறந்துவிடுங்கள்.

வேகம் பறக்கும் இடத்தில் கதை தலைகீழ். 100 கிலோமீட்டர் உயரத்தில் விநாடிக்கு 7.8 கிலோமீட்டரில் நுழையும் பொருளுக்கு மற்ற மாதிரிகளை வேக வலையில் (சாத்தியமான வேகங்களைக் கட்டங்களாகப் பிரித்தது) தீர்க்க வேண்டுமானால், வலை ஒவ்வொரு திசையிலும் இரு பக்கமும் 10 கிலோமீட்டர்/விநாடி வரை நீள வேண்டும். முன்னால் இருக்கும் குளிர்ந்த காற்றைப் பிடிக்க இடைவெளி 150 மீட்டர்/விநாடிக்கு மேல் போகக் கூடாது. ஓர் அறைக்கே 23 லட்சம் எண்கள். டிஎஸ்எம்சி-க்கு ஓர் அறைக்கு இருபது முப்பது துகள்கள் போதும்.

## முழு போல்ட்ஸ்மன், நேரடியாக

பகிர்வை அலைகளின் கூட்டாக எழுதித் தீர்க்கும் வேக ஸ்பெக்ட்ரல் முறைகள் வந்தபின் இது சாத்தியம். இரைச்சல் இல்லை, ஜவ்வரிசிக் குறையும் இல்லை. ஆனால் இளங்கலை புராஜெக்ட்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். முனைவர் பட்டத்துக்கு, மூன்று வருடம் கையில் இருந்தால், தாராளமாக.

## யாரும் சொல்லாத செலவுகள்

முதலாவது ரேம். பிஜிகே குடும்பத்தை வேக வலையில் தீர்ப்பதென்றால் இடம் மூன்று, வேகம் மூன்று, ஆக ஆறு பரிமாணம். இடத்தில் 100×100, வேகத்தில் 32×32×32 வைத்தால் பகிர்வின் ஒரு பிரதிக்கே 2.6 ஜிபி. இடத்தையும் முப்பரிமாணமாக்கினால் 260 ஜிபி. இருபரிமாண ஓட்டங்களுக்குத் தப்பிக்க ஒரு வழி உண்டு. மூன்றாவது வேகத் திசையை முன்கூட்டியே தொகையிட்டு, இரண்டு சுருக்கப் பகிர்வுகளை மட்டும் தீர்க்கலாம். 2.6 ஜிபி, 160 எம்பி ஆகிவிடும். மூன்று மாதிரிகளுக்கும் இது செல்லும், முழு போல்ட்ஸ்மனுக்குச் செல்லாது. பழைய லேப்டாப்பில் ஓட்டுகிறவர்கள் முதலில் கற்க வேண்டியது இதைத்தான்.

இரண்டாவது, சிறிய நுட்சன் எண். வேக வலை முறைகளிலும் நகர்வையும் மோதலையும் தனித்தனியாகப் பிரித்தால் அறை மோதலிடைத்தூரத்தை விடச் சிறிதாக வேண்டிவரும். 2010-இல் ஷூவும் ஹுவாங்கும் தந்த ஒருங்கிணைந்த வாயு இயக்கவியல் முறையும், 2013-இல் குவோ குழுவினர் தந்த அதன் எளிய தம்பியும் இந்தத் தளையை அவிழ்த்தன. ஒரே கணக்கில் சிறிய எண்ணும் பெரிய எண்ணும் கலந்திருந்தால் இவற்றை எடுங்கள்.

மூன்றாவது, சுவர். மூலக்கூறு சுவரில் பட்டு எப்படித் திரும்புகிறது என்ற எண்ணைப் பெரும்பாலோர் 1 என்று வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நுட்சன் எண் பெரிதாக இருக்கும்போது மோதல் மாதிரியைத் திருத்துவதை விட இந்த எண்ணைத் திருத்துவதால்தான் விடை அதிகம் மாறும்.

நான்காவது, நம் ஊர்ச் செலவு: மின்தடை. ஆறு நாள் ஓட வேண்டிய கணக்கு ஒன்று ஐந்தாம் நாள் காலை ஒன்பது மணிக்கு, மாதாந்திரப் பராமரிப்பு அறிவிப்பை நான் படிக்காததால், செத்துப்போனது. யுபிஎஸ் நாற்பது நிமிடம் தாங்கியது. அதற்குள் நிலையைச் சேமித்திருக்கலாம், ஆனால் சேமிக்கும் வசதியையே நான் எழுதியிருக்கவில்லை. இப்போது எந்தக் கோடிலும் முதலில் எழுதுவது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கோப்பில் சேமிக்கும் வரியைத்தான். வேக வலை முறையில் அந்தக் கோப்பு ஜிபி கணக்கில் பெருகும், வன்தட்டில் இடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

## ஒரே பார்வையில்

| | பிஜிகே | ஷாகோவ் | இஎஸ்-பிஜிகே | டிஎஸ்எம்சி |
|---|---|---|---|---|
| வெப்பப் பாய்வு | தவறும் | சரி | சரி | சரி |
| மெதுவான ஓட்டம் | மிக நன்று | மிக நன்று | நன்று | இரைச்சலில் மூழ்கும் |
| வலுவான அதிர்வலை | கூடாது | எதிர்மறை ஆபத்து | ஓரளவு | இதுதான் |
| பல அணு வாயு | நீட்சி வேண்டும் | ரைக்கோவ் நீட்சி (1975, ஈரணு) | நீட்சி உண்டு | இயல்பாக வரும் |
| ரேம் | வேக வலையைப் பொறுத்தது | அதேதான் | அதேதான் | துகள் எண்ணிக்கையைப் பொறுத்தது |
| கோட் எழுத | எளிது | எளிது | சற்று வேலை | இலவசமாகக் கிடைக்கும் |

## இந்த வருடம் வந்த மூன்று பேர்

முதல் பையன் நுண்சேனல். வெப்பநிலை மாறாது, நைட்ரஜன், நுட்சன் எண் 0.05 முதல் 2 வரை. பிஜிகே போதும் என்றேன். 0.1-க்குக் கீழே வழுக்கலோடு கூடிய நேவியர்–ஸ்டோக்ஸை வைத்து ஒப்பிடச் சொன்னேன். பத்து நிமிடத்தில் பேச்சு முடிந்தது.

இரண்டாவது குழு சிறு செயற்கைக்கோள். 10 செ.மீ. கனசதுரம், 400 கிலோமீட்டர் உயரம், டிஎஸ்எம்சி என்று தலைப்பே கொடுத்துவிட்டார்கள். அந்த உயரத்தில் மோதலிடைத்தூரம் கிலோமீட்டர் கணக்கில் இருக்கும். செயற்கைக்கோளைச் சுற்றி மோதலே கிடையாது. ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு சூத்திரம் போட்டு இழுவையைக் கணக்கிட்டு முடிக்கலாம். முகம் வாடிவிட்டது. சரி, அதே கனசதுரம் 100 கிலோமீட்டருக்கு இறங்கும்போது நுட்சன் எண் 1-க்குப் பக்கம் வரும், அங்கே உங்கள் டிஎஸ்எம்சி-க்கு வேலை இருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. ஏற்காட்டுப் பெண், வீட்டில் காப்பித் தோட்டம். மல்கோவா மாம்பழத் துண்டை உறையவைத்து, வெற்றிடத்தில் பனிக்கட்டியை நேராக ஆவியாக்கிக் காயவைக்கும்போது நீராவி துளைகள் வழியே எவ்வளவு வேகமாக வெளியேறும் என்பது கேள்வி. −20 டிகிரிப் பனிக்கட்டியின் ஆவியழுத்தம் சுமார் 100 பாஸ்கல். துளைக்குள் சராசரியாக 50 பாஸ்கல் என்று வைத்தால் நீராவியின் மோதலிடைத்தூரம் 0.07 மி.மீ. அளவு. துளை 0.1 மி.மீ. ஆக எண் 0.7. காய்ந்த பகுதி சூடு, பனி முனை குளிர், ஆகவே வெப்பம் கணக்கில் வருகிறது. ஓட்டம் மெதுவானது, ஆகவே டிஎஸ்எம்சி வேண்டாம். ஷாகோவ் என்றேன்.

"நீராவி மூணு அணு சார். ஷாகோவ் ஒத்தை அணுவுக்குத்தானே?" என்றார். சரியான கேள்வி. பாகுநிலையையும் பிராண்டல் எண்ணையும் நீராவிக்குப் பொருத்தி, ஓட்டத்தின் அளவுக்கு மட்டும் நம்பலாம். வெப்பப் பாய்வில் சுழற்சியின் பங்கு விட்டுப்போகும் என்று அறிக்கையில் எழுத வேண்டும். அறைக்குள் காற்றும் கலந்திருந்தால் மெக்கார்மக் 1973-இல் தந்த கலவை மாதிரிக்குப் போக வேண்டும். அதை அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொண்டோம்.

முதல் ஓட்டத்துக்கு மாம்பழத்தைத் தொட வேண்டாம் என்றும் சொன்னேன். வெறும் சேனல் ஒன்றில் நுட்சன் எண்ணை 0.01-லிருந்து 10 வரை ஏற்றி, பரிமாணமற்ற ஓட்ட அளவை வரைந்து கொண்டு வரச் சொன்னேன். எண் ஏற ஏற ஓட்டம் முதலில் இறங்கி, 1-க்குப் பக்கத்தில் பள்ளம் விழுந்து, மறுபடி ஏற வேண்டும். நுட்சன் 1909-இல் குழாய்களில் பார்த்த பள்ளம் இதுதான். போன ஞாயிறு வாட்ஸ்அப்பில் படம் வந்தது. பள்ளம் 1-இல் இல்லை, 2-க்குத் தள்ளி இருந்தது. நுட்சன் எண்ணில் பொருளின் அளவாக, முழு அகலத்துக்குப் பதில் சேனலின் அரை அகலத்தைப் போட்டிருந்தார்.